அடிவாரத்து நாய்க்குத் தொடை எலும்பு முறிவு: ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும் (கணக்கு உள்ளே)

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 12, இரவு 10.50

இதுவரை இந்த இணைய மன்றத்துக்குப் படிக்க மட்டும்தான் வருவேன். இன்று கேட்க வந்திருக்கிறேன், கூச்சமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் ஏற்காட்டிலிருந்து நானும் தம்பியும் ஸ்கூட்டரில் இறங்கிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கார் மேல் கார். இரண்டாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் தடுப்புச்சுவர் ஓரம் ஒரு செவலை நாய், பின்னங்காலை இழுத்துக்கொண்டு உண்ணிச்செடிப் புதருக்குள் நுழையப் பார்த்தது. அடித்த வண்டி போய்விட்டது. நாலைந்து பேர் நின்று செல்போனில் படம் எடுத்தார்கள், ஒருவர் பிஸ்கட் போட்டார், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வலியில் இருக்கும் நாய் கடிக்கும் என்று தெரியும், அதனால் துப்பட்டாவைக் கிழித்து வாயைக் கட்டி, மரத்தில் தொங்கிய பழைய ஃபிளெக்ஸைப் பிய்த்து அதில் கிடத்தித் தூக்கினோம். பலாப்பழம் ஏற்றி இறங்கிய டாட்டா ஏஸ்காரர் பழத்தை ஒதுக்கி இடம் கொடுத்தார். அவர் பேர்கூடக் கேட்க மறந்துவிட்டேன்.

சேலத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. வலது தொடை எலும்பு நடுவில் இரண்டாக இருக்கிறது. பெண் நாய், ஒன்றரை வயது இருக்கலாம் என்றார்கள். பிளேட் வைக்க 38,000, தங்கவைக்க, மற்ற பரிசோதனை எல்லாம் சேர்த்து 45,000 ஆகுமாம். நாளை 20,000 முன்பணம். இன்றே 3,200 கொடுத்துவிட்டேன், கையில் இன்னும் 6,000 இருக்கிறது, அவ்வளவுதான். நாய் படமும் எக்ஸ்ரே படமும் க்யூஆர் கோடும் கீழே. 50 ரூபாய் என்றாலும் சரி.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
ஏப்ரல் 12, இரவு 11.15

தப்பாக நினைக்க வேண்டாம் அம்மணி. இரண்டு வருஷம் முன்னால் இப்படித்தான் ஒரு நாய் படம், கழுத்தில் காயம், கண்ணில் தண்ணீர், நானும் 500 அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அதே நாய், அதே காயம், வேறு மாநிலத்துப் பெயரில், வேறு க்யூஆர் கோடில் வந்தது. அந்த நாய் இருந்ததா செத்ததா என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அன்றிலிருந்து நாய் படம் என்றால் கை பர்ஸுக்குப் போவதில்லை.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று சொல்லவில்லை. 45,000 என்றால் என்னென்ன என்று பிரித்துப் போடுங்கள் என்கிறேன். எங்கள் கொலுசுப் பட்டறையில் தரையைக் கூட்டுகிற தூசிக்கே கணக்கு வைப்போம், அதைச் சலித்து உருக்கினால் வெள்ளி வரும் என்பதால்.

ஜங்ஷன்காரர்
ஏப்ரல் 12, இரவு 11.22

200 அனுப்பியிருக்கிறேன். பட்டறை அண்ணன் எப்பவும் இப்படித்தான், மனசுல வச்சுக்காதீங்க.

மாட்டு டாக்டர்
ஏப்ரல் 13, காலை 5.40

நாமக்கல்லில் படித்தவன், இப்போது வேலை முழுக்க கறவை மாட்டோடு. எக்ஸ்ரே பார்த்தேன். ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா? எடுத்திருந்தால் அந்தச் சீட்டையும் போடுங்கள், முக்கியமாகத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) எவ்வளவு என்று. மலை நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்காது, அதனால் கேட்கிறேன். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும், சிறுநீரகமும் போகும்.

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 13, காலை 7.05

சீட்டு போட்டிருக்கிறேன் சார். தட்டணு 42,000. ஹீமோகுளோபின் 7.1. இது மோசமா? உண்ணி இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறதா என்று கேட்பதா! நேற்று ராத்திரி ஒரு காதை மட்டும் திருப்பிப் பார்த்தேன், ஆமணக்குக் கொட்டையை வரிசையாகப் பதித்து வைத்த மாதிரி.

மாட்டு டாக்டர்
ஏப்ரல் 13, காலை 7.30

மோசம்தான், ஆனால் நிறைய நாய் இதிலிருந்து தேறி வந்துவிடும்.

நாய்க்குத் தட்டணு சாதாரணமாக இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். 42,000-ல் தொடையைத் திறந்தால் ரத்தம் நிற்காது. இது பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல், உண்ணி கடிக்கும்போது உள்ளே போகிற எர்லிக்கியா என்ற கிருமி. டாக்சிசைக்ளின் மாத்திரை 28 நாள் கொடுக்க வேண்டும், எடைக்குத் தகுந்த அளவை டாக்டர் எழுதித் தருவார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சாப்பாட்டோடு கொடுங்கள். பத்து நாளுக்குள் தட்டணு ஏறுவதைப் பெரும்பாலும் பார்க்கலாம்.

அதனால் இன்றைக்கு முன்பணம் கட்ட வேண்டிய அவசரமே இல்லை. கிளினிக்காரர்களைக் குறை சொல்லவில்லை, ரத்த ரிப்போர்ட் வருவதற்கு முன்பே தோராயமாகச் செலவைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் ரொம்பவும் தள்ளிப்போடவும் முடியாது. முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே என்றால் கட்டு போட்டே ஒப்பேற்றலாம், தொடை எலும்பு அப்படி இல்லை. உடைந்த இடத்துக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துக் கட்டினால்தான் எலும்பு அசையாமல் நிற்கும், இடுப்பு மூட்டை எப்படிக் கட்டுவது? கட்டு சதையில் வழுக்கிக் கீழே இறங்கி, உடைந்த இடத்தை இன்னும் ஆட்டத்தான் செய்யும். இரண்டு வாரத்துக்குமேல் போனால் எலும்பு கோணலாகவே ஒட்ட ஆரம்பித்துவிடும், தசையும் சுருங்கி இழுத்துக்கொள்ளும். ஆக, பத்து பன்னிரண்டு நாளில் ரத்தத்தைத் தேற்றி ஆபரேஷன் பண்ண வேண்டும்.

அதை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பண்ணிக்கொள்ளுங்கள். 1985-லிருந்து இருக்கிற கல்லூரி, ஆடு மாடு நாய் எல்லாம் பார்ப்பார்கள், பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற இடம் என்பதால் கூட்டமாக நிற்பார்கள், அதற்கு மட்டும் சங்கடப்படக் கூடாது. எலும்பைப் பிணைக்கிற பின்னுக்கும் மருந்துக்கும் ஆகிற காசுதான் பெரும்பாலும் செலவு. காலை சீக்கிரம் போய் டோக்கன் போட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
ஏப்ரல் 13, காலை 9.10

டாக்டரே, நன்றி. இப்போது எவ்வளவு வேண்டும் என்று திருத்திப் போடுங்கள் அம்மணி.

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 13, காலை 11.45

திருத்திவிட்டேன். 45,000 இல்லை, 25,000. இதில் நாமக்கல் போய்வர வண்டிச் செலவும் அடக்கம். ராத்திரி முழுக்க 45,000-ஐ நினைத்துத் தூங்கவில்லை. கிளினிக்கில் இன்று மதியம் கூட்டிவந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இதுவரை வந்தது 4,120, பதினொரு பேர்.

கன்னங்குறிச்சி
ஏப்ரல் 13, மதியம் 1.20

தொகையைக் குறைத்துக் கேட்ட முதல் ஆளை இன்றுதான் பார்க்கிறேன். 500 போட்டாச்சு.

அம்மாபேட்டை தறி
ஏப்ரல் 13, மதியம் 2.35

நான் மட்டும் வேறு மாதிரி பேசுகிறேன், திட்டுங்கள் பரவாயில்லை. தறி ஓட்டுகிற வீட்டில் குழந்தைக்கு ஆபரேஷன் என்றால் பத்து ரூபாய் வட்டிக்கு வாங்குகிறோம். மனுஷனுக்கே இல்லாத இடத்தில் தெரு நாய்க்கு 25,000-ஆ? எங்கள் தெருவில் போன மாசம் ரெண்டு பேரை நாய் கடித்தது.

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 13, மாலை 6.50

திட்டமாட்டேன் அண்ணா. உங்களிடம் நான் கேட்கவும் இல்லை. என் கண் முன்னால் கிடந்தது, தூக்கிவிட்டேன், தூக்கின பிறகு பாதியில் வைக்க முடியவில்லை. அவ்வளவுதான் என் நியாயம், இதைவிடப் பெரிய நியாயம் என்னிடம் இல்லை.

மாட்டு டாக்டர்
ஏப்ரல் 13, இரவு 9.00

தறி அண்ணன் சொன்னதில் நாய்க்கடி விஷயம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த வீட்டில் இரண்டு பேர் தெரியாத நாயைக் கையில் தூக்கியிருக்கிறார்கள். அம்மணி, உங்களுக்கோ தம்பிக்கோ பல் பட்டதா, கீறல் இருக்கிறதா? இருந்தால் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். தோலில் போடுகிற முறையில் முதல் நாள், 3-வது, 7-வது, 28-வது நாள். புண் ஆழமாக இருந்தால் கூடவே சீரம் என்ற எதிர்மருந்தும் போடுவார்கள். வெறிநோய் வந்துவிட்டால் அதற்கு மருந்து இல்லை, இதில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பேச்சு வேண்டாம்.

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 14, காலை 8.15

தம்பிக்கு மணிக்கட்டில் நகம் பட்டிருந்தது, என்னிடம் மறைத்திருக்கிறான். நேற்று ராத்திரியே கூட்டிப்போய் முதல் ஊசி போட்டாயிற்று. சித்திரை ஒன்றாம் தேதி, வீட்டில் மாங்காய்ப் பச்சடி செய்து வைத்துவிட்டு உண்ணி பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நாயை அசையாமல் வைக்கக் கூண்டு வேண்டும். 6,000, 7,000 சொன்னார்கள், வாங்கவில்லை. அப்பாவின் பழைய இரும்புக் கட்டிலைத் தலைகீழாகத் திருப்பி, நாலு காலையும் சுற்றிக் கோழிவலை கட்டிவிட்டோம். நடக்க முடியாது, திரும்பிப் படுக்கலாம், அந்த அளவு இடம். கீழே சாக்கு, அதன் மேல் பழைய நைட்டி. உண்ணியை நசுக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொன்னதால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய்க்குள் போடுகிறேன். நூற்றுப் பதினாறு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். கால்விரல் இடுக்கில் இருப்பவைதான் கஷ்டம், அங்கே தொட்டால் மட்டும் முனகுகிறது. மற்றபடி என் முழங்கை மேல் தலையை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது.

உண்ணிக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சேர்த்து 1,480. பில் கீழே.

நாகலூர் எஸ்டேட்
ஏப்ரல் 14, மாலை 4.10

இரண்டாவது வளைவு என்று படித்ததும் எனக்குப் புரிந்தது. கீழே இரண்டு மூன்று வளைவுகளில் வார நாளில் ஒன்றும் இருக்காது, சனி ஞாயிறு ஆனால் சிப்ஸ் பாக்கெட், பிரியாணிப் பொட்டலம், அதைத் தேடி நாய், அதைத் தேடிக் குரங்கு. மலைக்கு வருகிறவர்கள் அன்பாகத்தான் போடுகிறார்கள், ஆனால் போடுகிற இடம் வளைவில். நாய் சாப்பாட்டைப் பார்க்குமா, மேலிருந்து இறங்குகிற காரைப் பார்க்குமா. போட வேண்டும் என்றால் சாலையை விட்டுத் தள்ளி உள்ளே போய்ப் போடுங்கள், இல்லையென்றால் போடாதீர்கள்.

ஆபரேஷனுக்கு அப்புறம் நாய் எங்கே போகும்? தோட்டத்தில் இடம் இருக்கிறது. எங்களிடம் ஏற்கெனவே ஒரு மூன்றுகால் நாய் இருக்கிறது, எட்டு வருஷமாக. காட்டெருமை காப்பிக்குள் இறங்கினால் முதலில் குரைப்பது அதுதான், அப்புறம் வாட்ச்மேன் வீட்டுக்குள் ஓடுவதும் அதுதான்.

பணம் 1,000 அனுப்பினேன்.

கணக்குப்பிள்ளை
ஏப்ரல் 15, காலை 10.30

யாரோ தனிச்செய்தியில் கேட்டார்கள், பொதுவிலேயே சொல்கிறேன். தனி ஆள் கணக்குக்கு அனுப்புகிற பணத்துக்கு வருமான வரியில் நன்கொடைக் கழிவு (80ஜி என்று சொல்லிவந்தது) கிடையாது, பதிவு செய்து அனுமதி வாங்கிய அறக்கட்டளை ரசீதுக்கு மட்டும்தான். வாங்குகிறவருக்கு ஒரு விஷயம்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வருகிற தொகை 50,000-ஐத் தாண்டினால் மொத்தத்தையும் வருமானமாகச் சேர்ப்பார்கள், தாண்டிய பகுதியை மட்டும் இல்லை. 25,000-க்கு இந்தக் கவலை இல்லை. ஆனாலும் சம்பளம் வருகிற கணக்கில் இதைக் கலக்காதீர்கள், சும்மா கிடக்கிற வேறு கணக்கு இருந்தால் அதில் வாங்குங்கள். பின்னால் யார் கேட்டாலும் பாஸ்புக்கை அப்படியே காட்டலாம்.

மிலாப், கெட்டோ மாதிரி நன்கொடை திரட்டும் தளத்தில் போடலாமே என்றும் கேட்டார்கள். பெரிய தொகை, முகம் தெரியாத ஊர்க்காரர்கள் என்றால் அது சரி. கட்டணம், டிப்ஸ் என்று ஒரு பகுதி எடுப்பார்கள், அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள். இந்தத் தொகைக்கு இந்த இழையே போதும்.

ஜங்ஷன்காரர்
ஏப்ரல் 17, இரவு 8.40

அவசரம்!! நம்ம செவலை நாய் படம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வந்திருக்கிறது. அதே ஃபிளெக்ஸ் மேல் படுத்திருக்கும் படம். ஆனால் க்யூஆர் கோடு வேறு, பெயர் வேறு. "80,000 தேவை, இன்று இரவுக்குள்" என்று போட்டிருக்கிறான். எங்கள் குரூப்பிலேயே இரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
ஏப்ரல் 17, இரவு 8.55

சொன்னேனா இல்லையா.

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 17, இரவு 9.30

கை நடுங்குகிறது. முக்கால் மணி நேரமாக ஒவ்வொரு குரூப்பாகப் போய் அது நாங்கள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் என்னையே சந்தேகமாகக் கேட்கிறார்கள். நிறுத்திவிடலாமா என்று இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
ஏப்ரல் 17, இரவு 9.50

நிறுத்தாதீர்கள். பணம் அனுப்பி ஏமாந்த அந்த இரண்டு பேர் உடனே 1930-க்குப் போன் செய்யட்டும், சைபர் குற்ற உதவி எண், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ அவ்வளவு தூரம் பணத்தை முடக்க வாய்ப்பு. பணம் அனுப்பிய ஆப்பிலும் அந்த ஐடியைப் புகார் செய்யலாம். நீங்கள் பழைய படங்களை எடுத்துவிட்டு, இனிப் போடுகிற ஒவ்வொரு படத்தின் நடுவிலும், ஓரத்தில் இல்லை, நாயின் வயிற்றின் மேல் குறுக்கே, உங்கள் கணக்கில் வருகிற பெயரை எழுதிப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவான்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
ஏப்ரல் 18, காலை 7.20

நேற்று ராத்திரி அப்படிச் சொன்னது சரியில்லை. சேலத்தில் இருக்கிறேன், வீடு எங்கே என்று சொல்லுங்கள், நாயை நேரில் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுகிறேன். பார்த்தவன் ஒருவன் எழுதினால் சந்தேகப்படுகிறவர்களுக்கு அது போதும்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
ஏப்ரல் 18, இரவு 8.05

பார்த்தேன். நாய் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஹார்லிக்ஸ் பாட்டிலும் இருக்கிறது, அதைக் காட்டாமல் இருந்திருக்கலாம். எக்ஸ்ரே கவரில் இருக்கும் தேதியும் பில் தேதியும் ஒன்றுதான். 500 கொடுத்தேன், கையில், ரசீது எழுதி வாங்கிக்கொண்டேன்.

கன்னங்குறிச்சி
ஏப்ரல் 20, மதியம் 12.15

நல்லெண்ணத்தில் கேட்கிறேன். இந்த 25,000-ஐ வைத்து அடிவாரத்தில் திரியும் பெண் நாய்களுக்குக் கருத்தடை பண்ணினால் எத்தனை நாய் குறையும்? ஒரு காலைச் சரி பண்ணுவதைவிட அதுதானே பயன்?

மாட்டு டாக்டர்
ஏப்ரல் 20, இரவு 10.10

கணக்குப் போட்டால் உங்கள் பக்கம்தான் சரி, நானே என் வேலையில் அப்படித்தான் யோசிப்பேன். ஆனால் இரண்டு சிக்கல். தெரு நாய்க் கருத்தடை, தடுப்பூசி எல்லாம் 2023 விதிகளின்படி உள்ளாட்சி செய்ய வேண்டிய வேலை, பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. நாம் நாலு பேர் காசு போட்டு அதைப் பண்ணலாம், ஆனால் பிடிக்க ஆள், வைத்திருக்க இடம், ஆபரேஷனுக்கு அப்புறம் நாலைந்து நாள் பார்த்துக்கொள்ள ஆள், இதெல்லாம் வேண்டும். அடுத்தது, மனுஷ மனசு. "பத்து நாய்க்குக் கருத்தடை" என்று இங்கே இழை போட்டுப் பாருங்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று. கட்டிலுக்குள் படுத்திருக்கிற ஒரு நாய்க்குத்தான் பணம் வரும். வந்து, மிச்சமானால் அதைக் கருத்தடைக்குத் திருப்பலாம்.

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 21, மாலை 5.30

இரண்டாவது ரத்தப் பரிசோதனை, 850 ரூபாய். தட்டணு 1,68,000!!! ஹீமோகுளோபின் 8.9. வெள்ளிக்கிழமை நாமக்கல் போகிறோம்.

பணம் 27,350 வந்துவிட்டது, 61 பேர். க்யூஆர் கோடை எடுத்துவிட்டேன். தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். "பரவாயில்லை வைத்துக்கொள்ளுங்கள்" என்று மூன்று பேர் எழுதினார்கள், வேண்டாம், எனக்கு எழுதி மாளவில்லை.

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 24, இரவு 11.40

முடிந்தது. தூக்கம் வருகிறது, ஆனால் எழுதிவிட்டுத்தான் படுக்கப் போகிறேன்.

காலை நாலரைக்கு ஆம்னி வேனில் கிளம்பினோம். மல்லூர் தாண்டுவதற்குள் வாந்தி. வெறும் வயிறு என்பதால் மஞ்சள் தண்ணீர் மட்டும். ஆறு மணிக்கெல்லாம் கல்லூரியில் நின்றோம், எங்களுக்கு முன்னால் ஏற்கெனவே இரண்டு ஆடு, ஒரு கன்று, ஒரு லேப்ரடார். டோக்கன் போட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த ஆடு என் ஃபைலின் மூலையைத் தின்றுவிட்டது, எக்ஸ்ரே தப்பித்தது.

மாட்டு டாக்டர் சொன்ன மாதிரியே பத்து பன்னிரண்டு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். பேராசிரியர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்து "எங்கே உடைந்திருக்கிறது, ஏன் கட்டு போடக் கூடாது?" என்று அவர்களைக் கேட்டார், ஒரு பெண் பதில் சொன்னாள், இங்கே படித்ததை வைத்து எனக்கும் பதில் தெரிந்திருந்தது, வாயை மூடிக்கொண்டு நின்றேன். எடை 13.4 கிலோ. பிளேட் வேண்டாம், இந்த வயசுக்கும் இந்த உடைசலுக்கும் எலும்புக்குள் பின் செருகி மேலே கம்பி சுற்றினால் போதும் என்றார்கள். இரண்டே கால் மணி நேரம். பின், கம்பி, மயக்க மருந்து, ஃபீஸ் எல்லாம் சேர்த்து 7,640. இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

மயக்கம் தெளியும்போது அழுத சத்தம்தான் தாங்கவில்லை. வலி இல்லை, மயக்க மருந்தின் வேலை என்றார்கள். சரி.

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 29, காலை 9.00

கணக்கு. வரவு 27,350.

முதல் நாள் கிளினிக் 3,200. உண்ணி, காய்ச்சல் மருந்து 1,480. இரண்டாவது ரத்தப் பரிசோதனை 850. நாமக்கல் வேன் 2,400. ஆபரேஷன் 7,640. கழுத்துக் கூம்பும் ஆபரேஷனுக்குப் பிந்தைய மருந்தும் 1,320. கோழி, முட்டை, அரிசி 1,900. மொத்தம் 18,790. கையிருப்பு 8,560.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
ஏப்ரல் 29, காலை 10.25

சாப்பாட்டுக்கு 1,900-ஐ வைத்தியச் செலவில் எழுதலாமா? வைத்தியத்துக்கு என்றுதானே கேட்டீர்கள்.

ஜங்ஷன்காரர்
ஏப்ரல் 29, காலை 10.40

அண்ணே, நாய் பட்டினியாவா எலும்பு சேரும்?

அடிவாரத்துக்காரி
ஏப்ரல் 29, காலை 11.15

எடுத்துவிட்டேன். சாப்பாடு என் செலவு. மொத்தம் 16,890, கையிருப்பு 10,460. கோபத்தில்தான் எடுத்தேன், ஆனாலும் எடுத்துவிட்டேன்.

மிச்சப் பணம் திரும்ப வேண்டும் என்பவர்கள் மே 5-க்குள் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன். சொல்லாதவர்கள் பணத்தில் இதற்குத் தடுப்பூசி, மறு எக்ஸ்ரே, பின் எடுக்கிற செலவு, இதற்கே கருத்தடை. அதற்கும் மேல் நின்றால் அடிவாரத்தில் டீக்கடைப் பக்கம் இருக்கும் இரண்டு பெட்டைகளுக்குக் கருத்தடை. டீக்கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன், பின்னால் இருக்கும் ஷெட்டில் ஐந்து நாள் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

கன்னங்குறிச்சி
ஏப்ரல் 29, மதியம் 12.00

கருத்தடை என்று பார்த்ததும் சந்தோஷம்.

அம்மாபேட்டை தறி
மே 1, மாலை 6.30

கால் எப்படி இருக்கிறது இப்போது?

அடிவாரத்துக்காரி
மே 1, மாலை 7.10

விரலை ஊன்றுகிறது அண்ணா, நிற்கும்போது மட்டும். கூம்பு கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு தடவை எழுப்புகிறது.

அடிவாரத்துக்காரி
மே 6, இரவு 9.15

இரண்டு பேர் திரும்பக் கேட்டார்கள், 500-ம் 1,000-மும் அனுப்பியாயிற்று. கையிருப்பு 8,960.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
மே 6, இரவு 9.40

அந்த 500 நான்தான். வந்துவிட்டது. திரும்ப வருகிறதா என்று பார்க்கத்தான் கேட்டேன், நாளைக்கு மறுபடி அனுப்புகிறேன்.

அடிவாரத்துக்காரி
மே 6, இரவு 9.42

அனுப்பாதீர்கள்!! மறுபடி பாஸ்புக்கில் எழுத முடியாது. வேண்டுமென்றால் டீக்கடை நாய்களுக்கு அரிசி வாங்கிக் கொடுங்கள்.

அடிவாரத்துக்காரி
ஜூன் 7, காலை 8.30

கோடை விழாக் கூட்டம் ஓயட்டும் என்று காத்திருந்தேன். ஆறு வாரம் ஆகிவிட்டது. நேற்று எக்ஸ்ரே, 600. உடைந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாகக் குமிழ் மாதிரி புது எலும்பு, நாமக்கல்லுக்கு அனுப்பிக் காட்டினேன், சேர்ந்துவிட்டது என்றார்கள். தடுப்பூசி இரண்டும் சேர்த்து 950. கையிருப்பு 7,410. இந்த மாதக் கடைசியில் பின் எடுக்கும்போதே கருத்தடையும் பண்ணிவிடலாமாம்.

நடக்கிறது. ஓடும்போது மட்டும் நாலைந்து அடிக்கு ஒரு தடவை அந்தக் காலைத் தூக்கிக்கொள்கிறது. கட்டிலை நிமிர்த்திப் போட்டாயிற்று, இப்போது அதன் மேலே ஏறிப் படுத்துக்கொள்கிறது, அப்பாவுக்கு இடம் இல்லை.

நாகலூர் அண்ணா, பின் எடுத்துத் தையல் பிரித்த பிறகு ஜூலையில் கூட்டி வரட்டுமா? யாராவது காரில் கொண்டுவிட முடியுமா? இருபது வளைவு, இது மல்லூர் வரைக்குமே தாங்காது, பின் சீட்டில் கெட்டியாகச் சாக்கு போட வேண்டும்.

நாகலூர் எஸ்டேட்
ஜூன் 7, காலை 9.05

எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். மூன்றுகாலிடம் சொல்லிவைக்கிறேன். குப்பனூர் வழியாக வந்தாலும் வாந்திதான், அடிவாரம் வழியே வாருங்கள்.

ஜங்ஷன்காரர்
ஜூன் 7, காலை 9.30

கார் நான் எடுத்து வருகிறேன். சாக்கு உங்களுடையது.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
ஜூன் 7, காலை 10.50

எல்லாப் பில்லையும் மறுபடி ஒரு தடவை பார்த்தேன். வேன் ரசீதில் 2,360 என்று இருக்கிறது, கணக்கில் 2,400. 40 ரூபாய்?

அடிவாரத்துக்காரி
ஜூன் 7, காலை 11.10

ஆண்டகளூர் கேட்டில் டீ. எனக்கு, தம்பிக்கு, டிரைவருக்கு. கையிலிருந்து போட்டுவிடுகிறேன், கையிருப்பு 7,450.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை
ஜூன் 7, காலை 11.12

போடுங்கள்.